படை பெருகினால் கணினி ஏன் தளர்கிறது?



கணினி விளையாட்டு மொழி மன்றத்தின் மேடைக்கு உரிய பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். உரியதே என்பது நம் கருத்து. நம் மாணவர் பலர் மாலை வேளைகளில் பேரரசுகளைக் கட்டிப் படை நடத்துகின்றனர். தொடக்கத்தில் ஆட்டம் தடையின்றிச் செல்கிறது. படைகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் திணறுகிறது. உடனே, வரைகலை அட்டை பழையதாகிவிட்டது, புதியது வேண்டும் என்ற கோரிக்கை பெற்றோரிடம் போகிறது. பெருந்தொகை செலவாகிறது. புதிய அட்டை வந்த பின்னும், பல வேளைகளில், அதே கட்டத்தில் அதே திணறல். இது ஏன் நிகழ்கிறது என்பதைத் தமிழிலேயே காரணத்தோடு விளக்க முடியும். இன்று அதற்கே முயல்கிறோம்.

இத்தகைய போர் உத்தி விளையாட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, உலகைக் கணித்தல்: எந்த வீரன் எங்கு நிற்கிறான், யார் எய்த அம்பு யார்மேல் தைத்தது, களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் சேர்ந்தது என்பன. மற்றொன்று, கணித்ததைத் திரையில் வரைதல். வரைதல் வரைகலை அட்டையின் பணி. கணித்தல் பெரும்பாலும் செயலியின் பணி. படை பெருகும்போது கணக்கும் அதே அளவில்தான் பெருகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு வீரனும் மற்ற ஒவ்வொருவனோடும் ஒப்பிடப்படுவதாகக் கொள்வோம். 100 வீரர்க்கு 4,950 இணைகள். 1,000 வீரர்க்கு 499,500 இணைகள். படை பத்து மடங்கு, கணக்கோ ஏறத்தாழ நூறு மடங்கு. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, அண்டைக் கட்டங்களில் மட்டும் தேடச் செய்து, நிரலர்கள் இச்சுமையைப் பெரிதும் குறைக்கின்றனர். ஆனால் எல்லாரும் ஒரே பாலத்தருகே வந்து குவிந்தால் அந்த உத்தி பயனிழக்கிறது. போர் கடுமையாகும் வேளை பார்த்துக் கணினி தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்காலச் செயலிகளில் எட்டு, பதினாறு கருக்கள் உள்ளனவே, வேலையைப் பகிர்ந்துகொள்ளலாகாதா என்று மாணவர் கேட்பர். (சந்தையில் 'கோர்' என்று சொல்லப்படுவதையே நாம் கரு என்கிறோம்.) நல்ல கேள்வி. விளையாட்டின் உலகம் துடிப்பு துடிப்பாக முன்னேறுகிறது. ஒரு துடிப்பைக் கணிக்க 20 மில்லிநொடி ஆகிறது என்க. அதில் பாதியை மட்டுமே பகிர முடியுமானால், எட்டுக் கருக்கள் சேர்ந்தும் அது 11.25 மில்லிநொடிக்குத்தான் குறையும். ஆயிரம் கருக்களை வைத்தாலும் 10 மில்லிநொடிக்குக் கீழே இறங்காது. ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுவே. பகிர முடியாத பகுதிதான் எல்லையை வகுக்கிறது.

பகிர முடியாத பகுதி ஏன் இருக்கிறது? ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய இடத்தை நோக்கி இரு குதிரை வீரர் ஒரே துடிப்பில் வருகின்றனர். முதலில் கணிக்கப்படுபவன் இடம் பெறுகிறான். மற்றவன் சுற்றிப் போகிறான். வரிசை மாறினால் முடிவு மாறும். தனியொருவர் ஆடும்போது இது சிறு வேறுபாடு. பலர் வலையமைப்பில் ஆடும்போது இதுவே போரின் தலைவிதி.

1997இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அன்று பலரிடம் இருந்தது நொடிக்கு 28.8 கிலோபிட் வேக மோடம். அதாவது நொடிக்கு 3,600 பைட். 1,500 வில்லாளரின் இடம், திசை, உயிர்நிலை ஆகியவற்றை ஆளுக்கு 12 பைட்டில் அனுப்பினாலும் 18,000 பைட் ஆகும். ஒருமுறை அனுப்பவே ஐந்து நொடி. எனவே அதை உருவாக்கியோர் வீரர்களின் நிலையை அனுப்பவில்லை. ஆட்டக்காரரின் கட்டளைகளை மட்டும் அனுப்பினர். ஒவ்வொரு கணினியும் அதே கட்டளைகளைக் கொண்டு முழுப்போரையும் தானே கணிக்கிறது. அணிவகுப்பில் அனைவரும் ஒரே காலடி வைப்பதுபோல எல்லாக் கணினிகளும் ஒரே விடைக்கு வந்தாக வேண்டும். ஒன்றில் ஓர் அம்பு தவறி, மற்றொன்றில் தைத்துவிட்டால், அக்கணம் முதல் இருவர் இரு வேறு போர்களை ஆடுகின்றனர்! ஆகவே கணக்கின் வரிசை கண்டிப்பாகக் காக்கப்படுகிறது. பல கருக்களுக்குப் பகிர்வது அரிதாவதற்கு இக்கண்டிப்பும் ஒரு காரணம். இம்முறைக்கு இன்னொரு விலையும் உண்டு. 2007இன் சுப்ரீம் கமாண்டர் விளையாட்டில் ஒருவருடைய கணினி தளர்ந்தால் அனைவருடைய போரும் மெதுவாகும்.

ஒரு கருவின் வேகமாவது வளர்ந்துகொண்டே போகிறதா என்றால், அதுவும் இல்லை. 1994இல் பென்டியம் செயலி 100 மெகாஹெர்ட்சில் ஓடியது. 2004இல் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்சை எட்டியது. பத்தாண்டில் 38 மடங்கு. அதன்பின் வெப்பமும் மின்செலவும் தடுத்துவிட்டன. இன்றைய மிக விரைவான மேசைக்கணினிச் செயலிகளும் 6 கிகாஹெர்ட்சை ஒட்டியே நிற்கின்றன. ஒரு சுற்றில் முடிக்கும் வேலை கூடியிருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அந்தப் பழைய பாய்ச்சல் திரும்பவில்லை.

அடுத்து நாம் சொல்வதை வணிகர் விளம்பரங்களில் எளிதில் காண முடியாது. செயலி பல வேளைகளில் கணக்குப் போடுவதில்லை. தரவு வரும்வரை காத்திருக்கிறது. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு வீரனின் விவரத்தை எடுத்துவர ஏறத்தாழ 80 நானோநொடி ஆகும் என்க. 4 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது 320 சுற்றுகள். அதனால் செயலிக்குள்ளேயே சிறிதளவு நினைவகம் வைக்கப்படுகிறது. அதனை ஆங்கில ஒலிப்பில் 'கேஷ்' என்றால் ரொக்கப் பணமோ என்ற மயக்கம் வரும். தமிழில் 'பதுக்கு நினைவகம்' என்ற சொல் பொருளை நேரே காட்டுகிறது. கைக்கெட்டும் இடத்தில் பதுக்கி வைத்தல். ஏஎம்டி நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலி இதற்குத் தக்க சான்று. முன்வந்த 5800எக்ஸ் செயலியைவிட அதன் உச்ச வேகம் குறைவு. கருக்கள் அதே எட்டுத்தான். மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் மட்டும் 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட்டாக உயர்ந்தது. இருந்தும் ஃபேக்டோரியோ போன்ற, எண்ணற்ற பொருள்களைத் துடிப்புதோறும் கணிக்கும் விளையாட்டுகளில் அது முன்னதை வென்றது.

வன்பொருள் எட்டாத இடத்தில் வடிவமைப்பாளர் விதியையே மாற்றுகின்றனர். 1998இன் ஸ்டார்கிராஃப்ட் ஒரே களத்தில் 1,700 உருக்களுக்கு மேல் இடம் தரவில்லை. 2016இல் வந்த ஸ்டெல்லாரிஸ் விண்வெளிப் பேரரசு விளையாட்டில், குடிமக்கள் பெருகப் பெருக ஆட்டத்தின் பிற்பகுதி தளர்ந்தது. 2021இல் மக்கள்தொகை வளர்ச்சியின் விதியைத் திருத்தி, பேரரசு பெரிதாகும்போது வளர்ச்சி குறையுமாறு செய்தனர். 2025இல் ஒத்த குடிமக்களைத் தொகுதிகளாக்கி ஒருங்கே கணித்தனர். நெல்லை மணி மணியாக எண்ணாமல் மரக்காலால் அளப்பது போன்ற வேலை அது. ஆட்டத்தின் சுவை மாறிவிட்டது என்று சிலர் குறைபட்டனர். அக்குறையில் நியாயம் உண்டு.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்துகாட்டத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஆட்டம் தளரும் கட்டத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். திரையின் படத்தெளிவைப் பாதியாகக் குறைத்து மீண்டும் ஓட்டுங்கள். ஆட்டம் விரைந்தால் தடை வரைகலை அட்டையில் இருக்கிறது. விரையாவிட்டால் பெரும்பாலும் செயலியிலோ நினைவகத்திலோ இருக்கிறது. அந்நிலையில் புதிய அட்டை பயன் தராது. மடிக்கணினியானால் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு வெயிலில், காற்றுத்துளை தூசியால் அடைபட்டிருந்தால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செலவில்லாத வழிகளும் உள்ளன: அடுத்த ஆட்டத்தை ஓரளவு சிறிய நிலப்படத்தில், கணினி இயக்கும் எதிரிகளுள் இரண்டைக் குறைத்துத் தொடங்கலாம். அதே கட்டத்தை மீண்டும் அளந்து, இரு எண்களையும் மாணவரே பலகையில் எழுதட்டும்.