முடியாத வழக்கும் முடிவு சொல்லும் ஊரும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நம் முன்னோர் கேட்டனர். ஊரார் கூடிப் பேசுவது மனித இயல்பு. அதிலும் ஒரு கொலை நிகழ்ந்து, கொன்றவர் யார் என்று தெளிவாகாமல் நின்றுவிட்டால், அந்தப் பேச்சுக்கு எல்லையே இராது. முன்னாளில் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் நடந்த அவ்விவாதம் இன்று காதுக்குள்ளேயே வந்துவிட்டது. பாட்காஸ்ட் எனப்படும் வலையொலித் தொடர்கள் பழைய கொலை வழக்குகளைத் தவணை தவணையாகச் சொல்கின்றன. நெல்லிக்குப்பத்தில் பேருந்து ஏறும் மாணவர் ஒருவர் கடலூரில் இறங்குவதற்குள் ஒரு தவணையைக் கேட்டு முடித்துவிடலாம். இறங்கியதும் நண்பரிடம், "கொன்றது அவன்தான், ஐயமே இல்லை" என்று தீர்ப்பும் வழங்கிவிடலாம். இவ்வாறு தீர்ப்பு வழங்கும் உரிமை நமக்கு எதுவரை உண்டு என்பதையே இன்று சிந்திக்க விரும்புகிறேன்.

கொலை வழக்கைப் பற்றி அறிய விரும்புவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அநீதி ஒன்று நடந்துவிட்டது, அதற்கு விடை வேண்டும் என்னும் உணர்ச்சி நல்லுணர்ச்சியே. அவ்வுணர்ச்சி அற்றுப்போன சமுதாயத்தில் நீதிமன்றங்களும் நிலைத்து நில்லா. எனினும் நல்ல உணர்ச்சி எப்போதும் நல்ல முடிவையே தரும் என்று கொள்ள இயலாது. இதற்குத் தமிழ்நாடு கண்ட சான்று ஒன்று உண்டு. அதுதான் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு.

ஆண்டு 1944. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' என்னும் படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர். அவர் பாடாத ஊர் இல்லை. அவர் பாட்டை முணுமுணுக்காத வாய் இல்லை. நகைச்சுவையில் அவருக்கு இணையான புகழ் பெற்றிருந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

அதே காலத்தில் சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் என்பார் பத்திரிகை ஒன்று நடத்தி வந்தார். திரையுலகத்தாரின் தனிவாழ்க்கையைப் பற்றிக் கேட்கத் தகாத செய்திகளை எல்லாம் எழுதி விற்பதே அதன் தொழில். முதலில் வெளிவந்தது 'சினிமா தூது'. திரையுலகத்தார் ஆளுநரிடம் முறையிட்டதைத் தொடர்ந்து அது நின்றது. பின்னர் 'இந்து நேசன்' என்னும் ஏட்டின் வாயிலாக அவர் அதே வேலையைத் தொடர்ந்தார். அதனை வெளிப்படையாக இகழ்ந்தோர் பலர். ஆயினும் அது நன்றாக விற்றது.

1944 நவம்பர் 8-ஆம் நாள், வேப்பேரிப் பகுதியில் கை ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் மறுநாள் உயிர் நீத்தார். போலீசார் சிலரைக் கைது செய்தனர். சில வாரங்களில், சதிக் குற்றத்தின் பெயரால் பாகவதரும் கலைவாணரும் கோவையைச் சேர்ந்த படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாயினர்.

அன்று தமிழ்நாடு எவ்வாறு பேசியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாகவதரின் குரலில் உருகியவர்கள், "அந்தக் குரலுக்கு உரியவர் கொலைக்கு உடன்படுவாரா?" என்று கேட்டனர். வேறு சிலர், "பணமும் புகழும் இருந்தால் எதையும் செய்யலாம் என்று எண்ணியிருப்பார்கள்" என்றனர். இவ்விரு கூற்றுகளையும் சற்று நிறுத்துப் பாருங்கள். முதற்கூற்று அன்பிலிருந்து பிறந்தது. இரண்டாவது கூற்று பொறாமையிலிருந்தோ வெறுப்பிலிருந்தோ பிறந்தது. சாட்சியத்திலிருந்து பிறந்தது இரண்டில் எதுவும் இல்லை. இனிய குரல் குற்றமின்மைக்குச் சான்று ஆகாது. பெருஞ்செல்வம் குற்றத்திற்குச் சான்று ஆகாது.

வழக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளைக் கொண்டு விசாரிக்கப்பட்டது. ஜூரிகள் என்போர் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஊரார் படித்த பத்திரிகைகளையே அவர்களும் படித்தவர்கள்; ஊரார் கேட்ட பேச்சையே அவர்களும் கேட்டவர்கள். பிற்காலத்தில் இந்தியாவில் அம்முறை கைவிடப்பட்டது. 1945 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற்றார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னையில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகர் சிறையில் இருந்தார்.

அவ்வாண்டின் இறுதியில் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. அக்காலத்தில் நம் நாட்டுக்கு உச்ச மன்றமாக விளங்கியது இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில். வழக்கு அங்குச் சென்றது. மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் மீண்டும் கேட்கவேண்டும் என்று அம்மன்றம் பணித்தது. அவ்வாறு கேட்கப்பட்டபோது, 1947 ஏப்ரல் மாதத்தில், இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். அதற்குள் ஈராண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்வு சிறையில் கழிந்துவிட்டது.

இவ்வழக்கில் அரசுத் தரப்புக்குத் தூணாக நின்றது அப்ரூவர் ஒருவரின் சாட்சியம். குற்றத்தில் தானும் பங்குகொண்டதாக ஒப்புக்கொண்டு, மன்னிப்புப் பெற்று, மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்பவரே அப்ரூவர். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இவ்வகைச் சாட்சியை அறவே தள்ளவில்லை. ஆனால் முக்கியமான செய்திகளில் வேறு சான்றின் துணை இல்லாவிடின் அவர் சொல் நம்பத் தக்கதன்று என்று நீதிமன்றம் கருதலாம் என எச்சரித்தது. தன் தலையைக் காத்துக்கொள்ளப் பிறர் தலையைக் காட்டும் ஆசை மனிதனுக்கு இயல்பு என்பதைச் சட்டம் இயற்றியோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இவ்வுண்மையைத் தமிழர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். சிலப்பதிகாரக் கதை உங்களுக்குத் தெரியும். கோவலன் கையில் இருந்தது அரசியின் சிலம்பு என்று சொன்னவன் பொற்கொல்லன். உண்மையில் அச்சிலம்பைக் கவர்ந்தவனும் அவனே. பிறர்மேல் பழியைப் போடுவதால் தான் தப்பிக்கலாம் என்னும் நிலையில் இருந்தவன் சொல்லை, வேறு சான்று தேடாமல் பாண்டியன் ஏற்றான். சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்னும் எளிய சோதனை பிறகுதான் நடந்தது. அதற்குள் கோவலன் இறந்துவிட்டான். பாகவதருக்கும் கலைவாணருக்கும் அந்தக் கதி நேராமைக்குக் காரணம், சான்றுகளை மீண்டும் பார்க்க ஒரு வாயில் திறந்திருந்ததே.

இனி, இவ்வழக்கு நமக்குக் கற்பிக்கும் முதன்மையான பாடத்திற்கு வருவோம். இங்கே இரண்டு வினாக்கள் உள்ளன. லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது ஒன்று. இன்னார்மீது சாட்டப்பட்ட குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என்பது மற்றொன்று. நீதிமன்றம் விடை சொல்வது இரண்டாம் வினாவுக்கே. அதற்கு 'இல்லை' என்று விடை வந்துவிட்டால், முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. ஆனால் முதல் வினாவுக்கு விடை கிடைக்கவில்லை என்பதற்காக, விடுதலை பெற்றவரை மீண்டும் ஐயக் கண்ணோடு நோக்குவதும் அறமன்று. ஊர் விவாதங்கள் பெரும்பாலும் இவ்விரு வினாக்களையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. "இவர் இல்லையென்றால் பின் யார்? வேறு யாரும் அகப்படவில்லையே, ஆகவே இவர்தான்" என்று வாதிடுகின்றன. பூட்டைத் திறக்கச் சாவி கிடைக்கவில்லை என்பதற்காகக் கையில் அகப்பட்ட கம்பியைச் சாவி என்று சொல்லலாமா?

இன்னொரு செய்தியும் உண்டு. இவ்வழக்கைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பேசிய மக்கள், பாகவதரின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசினர். கலைவாணரின் பெருந்தன்மையைப் பற்றிப் பேசினர். கொலையுண்டவரைப் பற்றிப் பேசினோர் மிகச் சிலரே. அவர் எழுதியவை இழிவானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இழிவாக எழுதியவரைக் கத்தியால் குத்திக் கொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவதூறுக்கு மருந்து நீதிமன்றத்தில் இருந்தது. லட்சுமிகாந்தனுக்குக் கிடைக்கவேண்டிய நீதி கிடைக்கவே இல்லை என்பதை அவரை வெறுப்போரும் ஒப்புக்கொள்ளவேண்டும். பிறர் வாழ்வை ஊருக்கு வேடிக்கையாக்கி விற்றவருடைய மரணமும் ஊருக்கு வேடிக்கையாயிற்று. அந்த ஏட்டைக் காசு கொடுத்து வாங்கிய கைகளுக்கும் இதில் பங்கு இல்லையா?

இந்நிலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1999-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பள்ளி மாணவி ஒருத்தி கொலையுண்டாள். அவளோடு பயின்ற இளைஞன் ஒருவன் ஆயுள் தண்டனை பெற்றான். 2014-இல் 'சீரியல்' என்னும் வலையொலித் தொடர் அவ்வழக்கைப் பன்னிரண்டு தவணைகளில் ஆராய்ந்தது. உலகெங்கும் எண்ணற்றோர் அதைக் கேட்டு, அவன் கொன்றானா இல்லையா என்று இரு கட்சிகளாகப் பிரிந்து வாதிட்டனர். 2022-இல் அவன் மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. 2023-இல் அது மீண்டும் நிலைநாட்டப்பட்டது. 2025-இல், தீர்ப்பு நிற்க, அவன் அதுவரை கழித்த சிறைவாசமே போதும் என்று முடிவாயிற்று. 2022-இல் நீதிமன்றத்தில் பேசிய அம்மாணவியின் சகோதரர், தமக்கு இது வலையொலி அன்று, மெய்யான வாழ்க்கை என்னும் பொருள்படக் கூறினார். கேட்போர் அனைவரும் நெஞ்சில் பொறித்துக்கொள்ளவேண்டிய சொல் அது.

வலையொலியால் நன்மை விளைந்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1982-இல் காணாமற்போன ஒரு பெண்ணைப் பற்றி 2018-இல் ஒரு தொடர் வெளிவந்தது. உறங்கிக் கிடந்த வழக்கின்மீது மக்கள் கவனம் திரும்பியது. அவள் கணவன் கைதாகி, 2022-இல் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றான். ஆனால் அந்தத் தொடர் எழுப்பிய பேரொலியின் காரணமாக, பக்கச்சார்பற்ற ஜூரிகளைக் காண்பது அரிதாயிற்று. ஜூரிகள் இன்றி நீதிபதி ஒருவரே அவ்வழக்கை விசாரித்தார். மறந்த வழக்கை நினைவூட்டியதும் மக்கள் பேச்சே; அவ்வழக்கின் விசாரணைக்குத் தடையாக நின்றதும் மக்கள் பேச்சே.

அப்படியானால் நாம் எவ்வாறு பேசவேண்டும்? நெய்வேலி மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் உவமை சொல்கிறேன். அங்குப் பழுப்பு நிலக்கரி தரைமேல் கிடப்பதில்லை. அதன்மேல் மண்ணும் மணற்பாறையும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. அதன் கீழோ அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் நிற்கிறது. மேல் மண்ணை அகற்றவேண்டும்; கீழ் நீரை ஓயாது இறைத்து அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். இவ்விரண்டும் செய்த பின்னரே நிலக்கரியை வெட்ட முடியும். வழக்கின் உண்மையும் அத்தகையதே. அதன்மேல் வதந்தி அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. கீழிருந்து நம் விருப்பு வெறுப்புகள் பொங்கி எழுகின்றன. வதந்தியை அகற்றாமலும் விருப்பு வெறுப்பை இறைத்து வெளியேற்றாமலும் உண்மையைத் தொட இயலாது.

ஆகவே, அடுத்த முறை ஒரு வழக்கைப் பற்றிக் கேட்டு வாதிடும்போது சில வினாக்களை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னவர் கண்ணால் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? இவர் சொல்லால் இவருக்கு ஆதாயம் உண்டா? இச்செய்திக்கு வேறு சான்று துணை நிற்கிறதா? எதிர்த்தரப்பின் விடையை நான் கேட்டேனா, அல்லது கதை சொல்பவர் விட்டுவிட்டாரா? எல்லாவற்றிற்கும் மேலாக, கொலையுண்டவரின் தாயோ, குற்றம் சாட்டப்பட்டவரின் தாயோ என் அருகில் அமர்ந்திருந்தால் இதே சொற்களை நான் சொல்வேனா?

இவ்வினாக்களுக்குப் பிறகும் விடை கிடைக்காமல் போகலாம். அப்போது, "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லும் துணிவு வேண்டும். கல்வி கற்றோருக்கு அது இழிவன்று. சிறையிலிருந்து மீண்ட கலைவாணர் மீண்டும் மக்களைச் சிரிக்க வைத்தார், 1957-இல் மறைந்தார். பாகவதர் மீண்டும் நடித்தார், ஆனால் பழைய புகழ் திரும்பவில்லை, 1959-இல் மறைந்தார். வேப்பேரிக் கொலையின் வினா மட்டும் இன்றும் விடையின்றி நிற்கிறது. அதைப் பற்றி நாம் பேசலாம்; ஆராயலாம்; ஐயுறலாம். ஆனால் தீர்ப்பு என்னும் சொல்லை, அதற்குரிய சான்று கைக்கு வரும்வரை, நாவில் ஏற்றாதிருப்போமாக.