தீவகத்து நன்னீர்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஆறு இல்லை, அருவி இல்லை. சுண்ணக்கல் நிலத்தின் அடியிலே, கடலின் உப்புநீருக்கு மேல் மென்படலமாய்த் தங்கி நிற்கும் மழைநீரே அங்கு உயிர்நீர். அளவு மீறி இறைத்தால் உப்பு மேலெழும். ஊர்காவற்றுறையாயினும் நெடுந்தீவாயினும், உவர்நீர் ஊறும் கிணறுகள் பல. ஆதலின் நன்னீர்க் கிணறு ஓர் ஊருக்குப் பெருஞ்செல்வம். அச்செல்வம் எல்லார்க்கும் பொதுவாய் இருந்ததா?

இருந்ததில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள், உயர்ந்தோர் எனப்பட்டோரின் கிணற்றில் தம் கையால் நீர் அள்ளுதல் கூடாது என்பது யாழ்ப்பாணத்தில் நெடுநாள் வழக்கமாய் இருந்தது. குடத்துடன் வந்து அப்பால் நின்று, அள்ளுபவர் மனமிரங்கி வார்க்கும் வரை அவர்கள் காத்திருப்பர். தாகம் இரு திறத்தார்க்கும் ஒன்றே. கயிறு மட்டும் ஒரு திறத்தார் கையில்.

1957 ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. சாதியைக் காட்டி ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றமாயிற்று. எனினும் வழக்கம் சட்டத்திற்கு எளிதில் வழிவிடவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே மக்கள் ஆலயப் பிரவேசம் கேட்டுப் போராட வேண்டியதாயிற்று.

நயினாதீவு நாகபூசணி அம்மனை வழிபடச் செல்வோர் படகேறும் குறிகட்டுவான் துறை, புங்குடுதீவில் உள்ளது. அப்புங்குடுதீவிலே 1935 இல் பிறந்தவர் மு. தளையசிங்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர், ஆசிரியர், சிறுகதையும் திறனாய்வும் மெய்யியலும் எழுதியவர். சர்வோதய நெறியை ஏற்ற அவர், எழுத்தோடு தம் கடமை முடிந்ததெனக் கருதவில்லை. 1971 இல், சொந்த ஊரின் கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றிலே தாழ்த்தப்பட்ட மக்களும் நீர் அள்ள வேண்டுமென்று போராட முன்னின்றார். பாண்டியன் வாயிலில் நீதி கேட்டவள் கண்ணகி. அவள் பெயரால் அமைந்த கோயிலின் கிணற்றடியிலேயே நீதி கேட்கும் நிலை வந்தது. அப்போராட்டத்திற் பொலிசாரின் தாக்குதலுக்கு அவர் உள்ளானார். 1973 இல், 38 ஆவது வயதிலே மறைந்தார்.

நீருரிமைப் போர் தீவகத்துக்கு மட்டும் உரியதன்று. 1927 மார்ச்சு மாதத்தில், இன்றைய மகாராட்டிரத்து மகாட் நகரிலே, சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார் டாக்டர் அம்பேத்கர். அந்நீர் அவருக்கும் அவர்தம் மக்களுக்கும் மறுக்கப்பட்டிருந்தது. தளையசிங்கத்துக்கோ கிணறு மறுக்கப்பட்டதில்லை. தமக்குத் தடையின்றிக் கிட்டிய நீர் அயலாருக்கும் கிட்ட வேண்டுமென்றே அவர் நின்றார். உரிமையற்றோர் உரிமை கேட்பது இயற்கை. உரிமையுடையோர், தம் சுற்றத்தின் பகையை ஏற்றுப் பிறர்க்காகக் கேட்பது அரிது. அவ்வரிய செயலை ஓர் ஆசிரியர், தமக்குப் பழகிய முகங்களின் எதிரிலே செய்தார்.

கிணற்றைச் சுற்றி மனிதர் வேலி கட்டலாம். நிலத்தடியில் ஊறும் நீருக்கு அவ்வேலி தெரிவதில்லை.