விடயமும் வினாவும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பாடசாலையில் மாணவர் தனித்துச் செய்யும் ஆய்வுச் செயற்றிட்டத்திற்கு விடயம் தெரிவுசெய்வது எங்ஙனம் என்பது பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் ஆராய்ச்சியாளன் அல்லன். பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவன். ஆயினும், உயர்தர வகுப்பு மாணவருக்கும் எனக்கும் மூன்று நான்கு வருட இடைவெளியே உண்டு. அவர்கள் படும் பாடு எனக்கு மறந்துபோகவில்லை. அந்த உரிமையோடு சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

ஓர் ஆய்வு செய்துவருமாறு ஆசிரியர் சொன்னதும் நம்மவர் முதலிற் செய்வது என்ன? சென்ற ஆண்டு யார் எதைச் செய்தார், எதற்கு நல்ல புள்ளி கிடைத்தது என்று விசாரிப்பார்கள். பிறகு "சூழல் மாசடைதல்", "பனைவளம்" என்று பெரியதொரு பெயரை எழுதிக் கொடுப்பார்கள். பெயர் கிடைத்துவிட்டால் இணையத்திலிருந்து இருபது பக்கம் சேர்ந்துவிடும். கேட்ட மாத்திரத்தே கட்டுரை எழுதித்தரும் பொறியும் இப்பொழுது கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. அழகான அட்டை போட்டால் வேலை முடிந்தது.

இதனாற் புள்ளி குறையும் என்று நான் சொல்லவரவில்லை. புள்ளி கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால், பன்னிரண்டு வருடமாகப் பிறர் சொன்னதையே கேட்டுப் படித்த ஒருவர், "நான் நேரிற் போய்ப் பார்த்தேன், கண்டது இது" என்று சொல்லக் கிடைத்த அரிய சந்தர்ப்பம் கைநழுவிப் போகிறது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நான் சொல்லவந்தது ஒன்றே. விடயத்தோடு நின்றுவிடாதீர்கள், அதற்குள்ளிருந்து ஒரு வினாவைக் கண்டுபிடியுங்கள். 

ஓர் உதாரணம் பார்ப்போம். "நீர்" என்பது ஒரு விடயம். அதை ஒருவர் ஆயுள் முழுவதும் படிக்கலாம். "யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்" என்று சுருக்கினாலும் அது ஒரு திணைக்களம் செய்யவேண்டிய வேலையாகவே இருக்கும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித் தங்குகிறது. கீழேயுள்ள உவர்நீரின்மேல் அந்த நன்னீர் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறிவரும். இவ்வளவும் புத்தகத்தில் உள்ளவை. இவற்றைத் திரும்ப எழுதுவது ஆய்வாகாது.

இனி இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "எங்கள் குறிச்சியிலுள்ள பத்துக் கிணறுகளிலே, புரட்டாதி முதல் தை வரை நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது? தோட்டக் கிணற்றுக்கும் வீட்டுக் கிணற்றுக்கும் அதில் வேற்றுமை உண்டா?" இது வினா. இதற்கு வேண்டியவை ஒரு கயிறு, நுனியிற் கட்ட ஒரு கல், ஓர் அளவுநாடா, ஒரு கொப்பி ஆகியவையே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிணற்றுக்கட்டின் ஒரே இடத்திலிருந்து அளந்து குறித்து வந்தால் தை மாதத்தில் விடை உங்கள் கையில் இருக்கும். எந்தப் பொறியைக் கேட்டாலும் அந்தப் பத்துக் கிணற்றின் கணக்கை அது தராது. அங்கே கயிறு விட்டவர் நீங்கள் ஒருவரே.

வினாவைத் தெரிந்தபின் அதனை நான்கு விதமாகச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, நம் காலுக்கும் கைக்கும் காலத்துக்கும் அது எட்டுமா? பாடசாலைக்கும் ரியூசன் வகுப்புக்கும் போக எஞ்சிய பொழுதிலே, சைக்கிளிற் போய்வரக்கூடிய தூரத்திலே, அது முடியவேண்டும்.

இரண்டாவது, விடை முன்கூட்டியே தெரிந்ததா? "புகைத்தல் தீயதா?" என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. நாம் நினைத்ததற்கு மாறான விடையும் வரக்கூடிய வினாவே நல்ல வினா. யாவரும் தெரிந்ததாக எண்ணும் இடத்திலும் அத்தகைய வினா மறைந்திருப்பதுண்டு. கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்று றேலி பிரபு கூறியிருந்தார். உலகமும் அதனை ஏற்றிருந்தது. 1921 இல் கப்பலிற் பிரயாணம் செய்த சேர் சி. வி. இராமன், சிறியதோர் அரியத்தினாலே நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்பொழுதும் இருந்தது. ஒளியை நீரே சிதறச் செய்கிறது என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. அவ்வழியே சென்று 1928 இல் அவர் கண்டதற்குத்தான் 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது, உங்களிடம் உள்ள திறமைக்கு அது பொருந்துமா? சுவாமி விபுலாநந்தரை நினைத்துப் பாருங்கள். 1892 இல் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு மிசன் பாடசாலைகளிற் கற்று, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறியவர். பழந்தமிழர் வாசித்த யாழ் எத்தகையது, அதன் சுரங்கள் எவ்வாறு அமைந்தன என்ற வினா, தமிழ் மட்டும் தெரிந்தவர்க்கும் கணிதம் மட்டும் தெரிந்தவர்க்கும் எட்டாதது. இரண்டும் தெரிந்தவரிடம் அது வந்து சேர்ந்தது. 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அவருடைய "யாழ் நூல்" அரங்கேறியது. உங்களில் ஒருவருக்குச் சித்திரம் வரும். ஒருவருக்குக் கணக்கு வரும். ஒருவருக்கு வயதானவர்களோடு மணிக்கணக்காகப் பேசியிருக்கும் பொறுமை உண்டு. அந்தத் திறமையும் உங்கள் ஊரும் சந்திக்கும் இடத்தில் வினாவைத் தேடுங்கள்.

நான்காவது, வரும் விடையை உள்ளபடி எழுத உங்களுக்குத் துணிவு உண்டா? இதுவே கடினமான சோதனை. தோட்டத்துக்கு இடும் உரத்தினாலும் மலசலகூடக் குழிகளினாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தாற் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ஒரு மாணவி தன் ஒழுங்கையிலுள்ள கிணறுகளின் நீரை ஆய்வுகூடத்திற் சோதிக்கிறாள் என்று வையுங்கள். உறவினர் வீட்டுக் கிணற்றிலே அளவு கூடிவிட்டது. அவள் என்ன செய்வாள்? அந்த எண்ணை மாற்றினால் ஆய்வு பொய்யாகும். வீட்டாரின் பெயரைப் போட்டால் மனவருத்தம் உண்டாகும். ஆதலால் தொடங்கு முன்னரே வீட்டாரிடம் அனுமதி கேளுங்கள். பெயருக்குப் பதிலாக இலக்கம் இடுங்கள். விடையை முதலில் அவர்களுக்கே தனியாகச் சொல்லுங்கள். எண்ணை மாத்திரம் மாற்றாதீர்கள். அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் குழந்தைக்கு நீங்கள் செய்யக்கூடிய உபகாரம் அது.

இனிப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளைக்கு விடயத்தை நீங்கள் தெரிந்து கொடுக்காதீர்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பொறுமையோடு மறுமொழி சொல்லுங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. எழுதி வைத்தவைக்கே அக்கதி. எழுதாமல் உங்கள் நினைவில் மட்டும் இருப்பவை எத்தனை! காணி உறுதிகளில் உள்ள பழைய பெயர்களுக்குக் காரணம் என்ன? எந்தக் கேணியை யார் வெட்டினார்? தெருவோரத்துச் சுமைதாங்கி யாருடைய ஞாபகார்த்தமாக எழுந்தது? கர்ப்பிணியாய் இறந்த பெண்ணுக்காகச் சுமைதாங்கி நாட்டுவது நம் முன்னோர் வழக்கம் என்பதை அறிந்த பிள்ளைகள் இன்று எத்தனை பேர்? "எங்கள் ஊர்த் தெருக்களில் எத்தனை சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் எஞ்சியுள்ளன? அவை யாருக்காக நாட்டப்பட்டவை?" என்று ஒரு மாணவன் கேட்டு வந்தால், "போய்ப் படி, தம்பி" என்று அனுப்பிவிடாதீர்கள். அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

முடிவாக, செய்முறை ஒன்று சொல்லி அமைகிறேன். வினாவை ஒரே வசனத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அது இன்னும் விடயமாகவே இருக்கிறது என்று கொள்ளுங்கள். எழுதியபின் ஒரு சனிக்கிழமை நேரிற் சென்று, ஒரு கிணற்றை அளந்தோ ஒரு முதியவரைக் கண்டோ வாருங்கள். அந்த ஒரு நாள் வேலையிலேயே வினா பெரிதா சிறிதா என்பது தெரிந்துவிடும். அதன்பின் ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மாணவர் ஒவ்வொருவரும் அப்படி எழுதிய ஒரு வசனத்தைக் கொண்டுவரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றை ஒருமித்து வாசித்து ஆராய்வோம். வருகிற ஆண்டு மலரிலே அவற்றுள் ஒன்றுக்கேனும் விடை அச்சேறுமாயின், இன்று நாம் கூடியது பயனுடையதாகும்.