இறக்கை நகோயாவில், உடல் இத்தாலியில்



2007 ஜூலை 8. அமெரிக்காவில் சியாட்டிலை அடுத்த எவரெட் என்ற ஊரில் போயிங் தொழிற்சாலையின் பெரிய கதவு திறந்தது. பளபளவென்று வண்ணம் பூசி நின்றது 787 ட்ரீம்லைனர். அமெரிக்கர்கள் தேதியில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 7-8-07 என்று வரட்டுமே என்றுதான் அந்த நாளையே குறித்திருந்தார்கள். கூட்டம் கைதட்டியது. விமானத்துக்குள்ளோ பெரும்பகுதி காலி. ஒயரிங் முடியவில்லை. விமானத்துக்கென்றே செய்யப்படும் ஆணிகள் போதுமான அளவு வந்துசேரவில்லை. விழா நாள் நெருங்கிவிட்டதே என்று பல இடங்களில் தற்காலிக ஆணிகளை வைத்து இறுக்கியிருந்தார்கள். விழா முடிந்ததும் அவற்றைக் கழற்றி மாற்றுகிற வேலை. சில வாரங்களில் பறந்துவிடும் என்று சொன்ன விமானம், 2009 டிசம்பர் 15-ஆம் தேதிதான் தரையை விட்டு எழும்பியது. முதலில் ஆர்டர் கொடுத்த ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது 2011 செப்டம்பர். சொன்ன காலத்துக்கு மூன்று ஆண்டுக்கும் மேலே தாமதம்.

இதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வேலையை வெளியாருக்கு அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டார்கள். சரிதான். ஆனால் அது பாதிக் கதை. மீதிக் கதை, அந்த விமானம் எதனால் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது.

எடைக் கணக்கில் 787-இன் பாதி, கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருள். அலுமினியம் 20 சதவீதம்தான். இந்த இழையைத் தருவது ஜப்பானின் டோரே நிறுவனம். பிசினில் ஊறிய நாடாவாக அது வரும். மைனஸ் 18 டிகிரி வாக்கில் குளிர்பதன அறையில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டால் பிசின் மெல்ல இறுகத் தொடங்கும். எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்று ஒவ்வொரு சுருளுக்கும் கணக்கு உண்டு. ஏறத்தாழ 6 மீட்டர் விட்டமுள்ள உருளை அச்சு ஒன்று சுழல, இயந்திரம் அதன்மேல் நாடாவை அடுக்கடுக்காகப் பதித்துக்கொண்டே போகும். பிறகு அந்த உருளையை அப்படியே ஆட்டோகிளேவ் என்ற ராட்சத அழுத்த அடுப்புக்குள் தள்ளி, 180 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள். வெளியே வரும்போது தகடு தகடாக இணைக்காத, ஒரே துண்டான விமான உடற்பகுதி.

பயணிக்கு இதில் லாபம் உண்டு. இந்த உடல் அதிகக் காற்றழுத்தத்தைத் தாங்கும், துருப்பிடிக்காது. மற்ற விமானங்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் காற்று, ஊட்டியைவிடச் சற்று உயரமான இடத்துக் காற்றின் அழுத்தத்தில் இருக்கும். ட்ரீம்லைனரில் குன்னூர் உயரம்தான். நீண்ட பயணத்தில் தலைவலி குறைவு என்று சிலர் சொல்வது வெறும் பிரமை அல்ல.

இப்போது கவனியுங்கள். அலுமினியத் தகடு ஆலையிலிருந்து வரும்போதே அலுமினியம். அதன் பலம் என்ன என்று சான்றிதழோடு வரும்; நீங்கள் வெட்டி வளைத்தால் போதும். கார்பன் கலவை அப்படி அல்ல. பாகத்தைச் செய்கிற அந்த நேரத்தில்தான் அந்தப் பொருளே உருவாகிறது. சூடு ஏறின வேகம், அழுத்தம், இழையில் விழுந்த ஒரு மடிப்பு, எல்லாமே அதன் பலத்தைத் தீர்மானிக்கும். ஆக, பாகம் செய்கிற வேலையை ஒருவருக்குக் கொடுத்தால், பொருளைப் படைக்கிற வேலையையும் அவருக்கே கொடுத்துவிட்டதாக அர்த்தம்.

போயிங் கொடுத்தது. இறக்கைகள் ஜப்பானின் நகோயாவில் மித்சுபிஷிக்கு. அதுவரை போயிங் தன் கையைவிட்டு வெளியே விடாத வேலை அது. உடலின் நடுப்பகுதி இத்தாலியின் அலேனியாவுக்கு, மூக்கு கன்சாஸில் ஸ்பிரிட் நிறுவனத்துக்கு, பின்னுடல் தென் கரோலினாவில் வாட் நிறுவனத்துக்கு. இவற்றையெல்லாம் எவரெட்டுக்குத் தூக்கிவர, 747 விமானங்கள் நான்கை வாங்கி வயிற்றை ஊதப் பெரிதாக்கிச் சரக்கு விமானமாக்கினார்கள். வந்து இறங்கிய பாகங்களை மூன்று நாளில் பூட்டிவிடலாம் என்பது திட்டம்.

2009 ஜூனில், இத்தாலியில் செய்த உடற்பகுதியின் தோலில் சுருக்கங்கள் இருப்பது தெரிந்து, போயிங் அங்கே வேலையை நிறுத்தச் சொன்னது. ஏற்கெனவே செய்து முடித்தவற்றுக்கு மேலே கூடுதல் அடுக்கு ஒட்ட வேண்டியதாயிற்று. அதே மாதம், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பலம் போதவில்லை என்று சோதனையில் தெரிந்து முதல் பறத்தலும் தள்ளிப்போனது. வாட் நிறுவனம் பணமுடையில் தடுமாற, அதன் சார்ல்ஸ்டன் ஆலையை 58 கோடி டாலர் கொடுத்து போயிங்கே வாங்கிக்கொண்டது. மிச்சம் பிடிக்க வெளியே அனுப்பிய வேலை, விலை கொடுத்து வீடு திரும்பியது.

யாரும் எச்சரிக்கவில்லையா என்றால், எச்சரித்தார்கள். 2001-லேயே போயிங்கின் உள்கூட்டம் ஒன்றில் ஹார்ட்-ஸ்மித் என்ற பொறியாளர் கட்டுரை படித்தார். வேலையை வெளியே அனுப்பினால் லாபமும் கூடவே போய்விடும், கண்காணிப்புச் செலவு உங்கள் தலையில்தான் விழும் என்றார். அவர் கணக்குப் பிள்ளை அல்ல. கலவைப் பொருள்களை ஒட்டுவது, ஆணியடித்து இணைப்பது இதிலேயே ஆயுளைக் கழித்தவர். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

அதற்காக எல்லாப் பழியையும் வெளியார் மேல் போட முடியாது. பின்னுடலின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி அதிகம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். அனுமதித்த அளவு ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, ஒரு தாள் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி இருந்தால் அளந்து சின்னத் தகடு வைத்து நிரப்ப வேண்டும். நம்மூர் ஃபிட்டர்கள் பேக்கிங் கொடுப்பது என்பார்களே, அதே வேலை. அது சரியாக நடக்கவில்லை. நடந்த இடம் சார்ல்ஸ்டன், போயிங்கின் சொந்த ஆலை. 2020 அக்டோபர் இறுதியிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை, நடுவில் சில வாரங்கள் நீங்கலாக, ஒரு ட்ரீம்லைனர்கூட வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை.

அடுத்த பெரிய விமானமான 777எக்ஸ்-க்கு கார்பன் இறக்கை செய்ய, போயிங் யாரையும் தேடிப் போகவில்லை. நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, எவரெட்டிலேயே தனி ஆலை கட்டி, 2016-இல் திறந்தது. இறக்கை இப்போது சொந்த வீட்டிலேயே தயாராகிறது. 2020-இல் வாடிக்கையாளர் கைக்கு வந்திருக்க வேண்டிய அந்த விமானமும் பல ஆண்டு தாமதம்தான்.