கண் பேசும்போது திரை என்ன பதில் சொல்கிறது?



கண்ணால் பார்த்தே கணினியை இயக்கலாம் என்று சொன்னால் இப்போது யாரும் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை. நான் பேச வந்தது அந்த ஆச்சரியத்தைப் பற்றி அல்ல. நாம் பார்த்ததைக் கணினி புரிந்துகொண்டது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? அதைப் பற்றித்தான். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கை, கால், வாய் எதுவும் அசையாத ஒருவருக்குப் பேச்சு வருவதும் வராமல் போவதும் இதில் அடங்கியிருக்கிறது.

நான் பொறியியல் படித்தவள் அல்ல, மாஸ் காம் டிப்ளோமாக்காரி. எனக்குத் தெரிந்த ஸ்டூடியோவிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே நான்கு கேமராக்கள் இருந்தாலும் எந்தக் கேமராவின் மேல் சிவப்பு விளக்கு எரிகிறதோ, அதைப் பார்த்துத்தான் நாங்கள் பேசுவோம். அந்த விளக்கு கெட்டுப்போன நாளில் பத்து வருட அனுபவம் உள்ளவரும் தடுமாறுவார். படம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கும். ஆனால், "ஆமாம், உன்னைத்தான் பார்க்கிறேன்" என்று எதிரில் இருந்து பதில் வராவிட்டால் மனிதருக்குப் பேச்சு ஓடாது.

இப்போது கண்ணுக்கு வருவோம். நமது கண் ஒரு விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. படிக்கும்போதும் அது வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்தித்தான் போகிறது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுப் பரப்புதான் நமக்குத் துல்லியமாகத் தெரியும், மற்றதெல்லாம் மங்கல்தான். கண்ணைத் தொடரும் கருவி என்ன செய்கிறது? கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பாய்ச்சுகிறது. கருவிழியில் அது மின்னும் புள்ளியையும், கண்மணியின் நடுவையும் கேமராவில் பிடித்து, நாம் திரையில் எங்கே பார்க்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. நல்ல கருவியிலும் அரை டிகிரி, ஒரு டிகிரி பிசகும். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தால் திரையில் அது ஒரு சென்டிமீட்டர்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. கை ஒரு பொருளைத் தொட்டால் ஏதோ செய்யப் போகிறது என்று பொருள். கண் அப்படி அல்ல, சும்மாவும் பார்க்கும். பார்த்ததையெல்லாம் கணினி அமுக்கினால் என்ன ஆகும்? 1990-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இருந்த ராபர்ட் ஜேக்கப் இதற்கு மைதாஸ் அரசனை உதாரணம் காட்டினார். தொட்டதெல்லாம் பொன்னாகிச் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போன அரசன் அவன். நம்மவர்களுக்கு இன்னும் பொருத்தமாகச் சொல்லலாம். அது நெற்றிக்கண்ணை மூடவே தெரியாத நிலை.

அதற்குக் கண்டுபிடித்த வழி நேரம். ஓர் எழுத்தை அரை விநாடியோ, ஒரு விநாடியோ தொடர்ந்து பார்த்தால்தான் அது தேர்வாகும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஒரு விநாடி, பார்ப்பவருக்கு இருட்டு. கருவி என்னைக் கவனிக்கிறதா, தூங்குகிறதா? இன்னும் எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்? தெரியாவிட்டால் பொறுமை போய்க் கண்ணை எடுத்துவிடுவார். எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே திரை ஏதாவது காட்ட வேண்டும்.

எதைக் காட்டுவது? "எங்கே பார்க்கிறாரோ அங்கே ஓர் அம்புக்குறியைக் காட்டினால் போயிற்று" என்று தோன்றும். நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். விடியுமுன்னே பால் மரம் சீவப் போனவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனார்கள். முகம் திரும்பிய பக்கம் வெளிச்சமும் திரும்பும், அதில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கருவி பிசகும் என்றேனே, அங்கேதான் வம்பு. அம்புக்குறி நாம் பார்க்கும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையும் பொருளை நோக்கிக் கண் தானாக ஓடும், அம்புக்குறியைப் பார்க்கும். உடனே அம்புக்குறி இன்னும் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போகும். கண் துரத்தும், அது ஓடும். கடைசியில் இரண்டும் திரையின் ஓரத்தில் போய் முட்டும். ஜேக்கப் அப்போதே இதையும் எச்சரித்துவிட்டார். கண்ணின் போக்கை அப்படியே காட்டுவது உதவி இல்லை, உபத்திரவம்.

சரி, அம்புக்குறி வேண்டாம். பார்க்கும் பொருளே பதில் சொல்லட்டும். எழுத்துக் கட்டம் நிறம் மாறலாம். அதற்குள் ஒரு வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பலாம், அல்லது நடுப்புள்ளியை நோக்கிச் சுருங்கலாம். இந்தக் கடைசி வகை எனக்குப் பிடித்தது. சுருங்கும் வட்டம் கண்ணையும் கட்டத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. கண்ணை ஓட வைத்த அதே அசைவு இங்கே கண்ணைக் கட்டிப்போடுகிறது.

பின்லாந்தின் தாம்பேரே பல்கலைக்கழகத்தில் பைவி மயராந்தா என்ற பெண்மணி இதையே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். 2003-இல் அவர் குழு செய்த சோதனையில், கண்ணுக்கு ஒரு குறியோடு, தேர்வானதும் 'டிக்' என்ற சின்னச் சத்தமும் சேர்ந்தபோது வேகம் கூடியது. எழுத்தை வாய்விட்டுச் சொல்லும் கருவியோ எழுதுபவரைத் தாமதப்படுத்தியது. சொல்லி முடிக்கும்வரை மனிதர் காத்திருக்கிறார் அல்லவா! பழகியவர் நேரத்தை மிகவும் குறைத்துக்கொண்டால், முதலில் ஒரு குறி, பிறகு இன்னொரு குறி என்று இரண்டு காட்டுவது குழப்பம், கூர்மையாக ஒன்றே போதும் என்பதையும் அடுத்த ஆண்டில் கண்டார்கள். 2009-இல் 11 பேரை வைத்து, நேரத்தை அவரவரே மாற்றிக்கொள்ள விட்டுப் பார்த்தார்கள். பத்து அமர்வுகளில் நிமிடத்துக்கு 6.9 சொல்லாக இருந்த வேகம் 19.9 ஆனது. ஓர் எழுத்தைப் பார்க்கும் நேரம் 876 மில்லி விநாடியிலிருந்து 282-க்கு இறங்கியது. அவர்கள் உடல் நலமுள்ளவர்கள் என்பதை மறக்க வேண்டாம். நோயாளியிடம் அதே வேகத்தை எதிர்பார்த்து அவரை வாட்டக்கூடாது.

ஒரு நிகழ்ச்சிக்காகச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டம் செம்பனையாக மாறிய பிறகு தாமானுக்குக் குடிவந்த குடும்பம். பெரியவர் முப்பது வருடம் பால் மரம் சீவியவர். கடுமையான பக்கவாதத்தில் கண் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. இரவல் கருவி ஒன்று வந்திருந்தது. "அப்பாவுக்கு இது ஒத்து வரலைங்க. புத்தி தெளிவா இருக்கான்னே எங்களுக்குச் சந்தேகமா இருக்கு" என்றார் மகள். பார்த்தால், திரையில் எந்தக் குறியும் இல்லை. அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உடன் வந்த சிகிச்சையாளர் வட்டத்தையும் சத்தத்தையும் போட்டுவிட்டு நேரத்தை ஒன்றரை விநாடியாக வைத்தார். முதலில் தப்பும் தவறுமாக வந்தது. பிறகு, சுருங்கும் வட்டத்தைப் பெரியவர் பிடித்துக்கொண்டார். எழுதியது இதுதான்: "பேன் வேணாம்." எட்டு மாதமாக அவர் தலைமாட்டில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. மகள் எழுந்து போய் அதை நிறுத்தினார். வந்து, "ஏம்பா, குளுருதா?" என்று கேட்டார். "ரொம்ப" என்று எழுதினார். அதற்கு மேல் நாங்கள் படம் எடுக்கவில்லை.

புத்தி தெளிவாக இருக்கிறதா என்ற சந்தேகம் மனிதர் மேல் வந்ததே தவிர, கருவி மேல் யாருக்கும் வரவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

தமிழர் மத்தியில் இதற்கு நல்ல உதாரணம் சென்னையில் இருக்கிறது. 1985-இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் என்ற அமைப்பு மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காக உழைத்து வருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் பிரதீப்த பிஸ்வாஸ் குழுவினர் அங்குள்ள மாணவர்களோடு உட்கார்ந்து கண்வழித் திரையை வடிவமைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணை ஓரிடத்தில் நிறுத்துவதே கடினம், தலையும் ஆடும். ஆகவே கல்லூரி மாணவருக்குச் சரிப்பட்ட திரை அவர்களுக்குச் சரிப்படாது. அதே குழு சாதாரண வெப்கேமராவைக் கொண்டு, கண்ணால் இயங்கும் இயந்திரக் கையையும் உருவாக்கியது. இயந்திரக் கை இருக்கும் இடத்தின் நேரடிப் படமே திரையில் தெரியும். பார்த்த இடத்துக்குக் கை போகும், துணியில் அச்சுப் பதிக்கும். இங்கே பதிலாக வருவது வட்டமோ புள்ளியோ அல்ல, வண்ணம் ஒட்டிய துணி! இதைவிடத் தெளிவான பதில் உண்டா?

இடையில் ஒன்று. ஸ்டீபன் ஹாக்கிங் கண்ணால்தான் எழுதினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் எழுதியது கன்னத்துத் தசையின் அசைவால். கண்வழி எல்லாருக்கும் ஒத்துவரும் என்பதில்லை.

தமிழ் எழுத்துக்கு வருவோம். 247 எழுத்தையும் ஒரு மடிக்கணினித் திரையில் அடுக்கினால், கட்டத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் உயரம்கூடத் தேறாது. ஒரு சென்டிமீட்டர் பிசகும் கருவிக்கு அது ஆபத்து. வட்டமும் எழுத்தை மறைத்துவிடும். தமிழ்99 முறை இங்கே கைகொடுக்கிறது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், ஒரு புள்ளி. கட்டங்களை மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு வைக்கலாம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு பார்வை போதும், புள்ளி தானாக விழும். தமிழ் உள்ளீட்டில் நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சலும் செல்லினமும் தந்தவர். சொல்லை முன்கூட்டியே ஊகித்துத் தரும் வசதியெல்லாம் கைப்பேசியில் நமக்குப் பழகிவிட்டது. அது விரலுக்கு வந்த அளவு கண்ணுக்கும் வர வேண்டும். தமிழ்க் கண்விசைப்பலகை செய்ய நினைக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பூ மலர்வது, நட்சத்திரம் சிதறுவது எல்லாம் வேண்டாம். ஓரத்தில் ஒன்று மினுக்கினாலே கண் அங்கே ஓடிவிடும், நோயாளி பார்த்துக்கொண்டிருந்த எழுத்து போய்விடும்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். தனிக் கருவிகள் பல ஆயிரம் வெள்ளி. ஆனால் 2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18 முதல், ஐபோன் 12-உம் அதற்குப் பிந்தியவையும் முன் கேமராவாலேயே கண்ணைத் தொடர்கின்றன. ஒன்றரை அடி தூரத்தில், ஆடாத இடத்தில் வைக்க வேண்டும். பார்க்கும் பொருளைச் சுற்றி ஒரு கோடு விழும். தனிக் கருவியின் துல்லியம் இதில் இருக்காது, பழகிப் பார்க்கப் போதும். விண்டோஸ் கணினிக்கு ஆப்டிகீ என்ற மென்பொருள் இலவசம். ஓக்கேயு அட்டை உள்ளவர்கள் சமூக நல இலாகாவில் துணைக்கருவி உதவித் திட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

எதுவும் இல்லையா? ஒரு பெர்ஸ்பெக்ஸ் தகடு வாங்குங்கள், நடுவே சதுரமாக ஓட்டை போடுங்கள். சுற்றிலும் எழுத்துகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டி, நோயாளிக்கும் உங்களுக்கும் நடுவே பிடியுங்கள். ஓட்டை வழியே அவர் கண்ணைப் பாருங்கள். முதலில் கொத்தைப் பார்ப்பார், பிறகு எழுத்தைப் பார்ப்பார். அவர் பார்த்த எழுத்தை நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஆமாம் என்பதற்கு அவர் கண்ணை மேலே தூக்கிய பிறகுதான் எழுத வேண்டும். சொல் பாதியில் தெரிந்துவிட்டது என்று நீங்களே முடித்துவிடாதீர்கள். அவர் முடிக்கட்டும்.