உம் கொட்டி எடுக்கும் முடிவு



மின்னஞ்சலும் இணையப் பக்கமும் கணினிக்குக் கணினி போய்ச் சேர வேண்டுமானால் எல்லோருக்கும் பொதுவாக விதிகள் வேண்டும். அவற்றை எழுதும் ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பு 1986இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் 21 பேர் கூடிய கூட்டத்தில் தொடங்கியது. உறுப்பினர் சந்தா கிடையாது, ஓட்டெடுப்பும் கிடையாது. மன்னரும் அதிபரும் வாக்குப்பெட்டியும் நமக்கு வேண்டாம் என்று 1992இல் அதன் கூட்டத்தில் கணினி அறிவியலாளர் டேவிட் கிளார்க் சொன்னார். அவற்றுக்குப் பதிலாக அவர் கேட்டவை இரண்டு. ஒன்று, ஓட்டிக் காட்டக்கூடிய நிரல். மற்றது 'ரஃப் கன்சென்சஸ்', அதாவது ஏறத்தாழ ஒருமித்த கருத்து.

இந்தச் சொற்றொடர் இப்போது அலுவலகக் கூட்டங்களிலும் புழங்குகிறது. பெரும்பாலோர் தலையாட்டிவிட்டார்கள், மேலே போகலாம் என்ற பொருளில் சொல்கிறார்கள். அது தவறு என்பதை அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். நூற்றுக்கு 51 பேர் சரி என்றால் அது ரஃப் கன்சென்சஸ் ஆகாது என்று ஐ.இ.டி.எஃப். அமைப்பின் 1998ஆம் ஆண்டு விதி வெளிப்படையாகவே சொல்கிறது.

அந்த அமைப்பின் கூட்டங்களில் நெடுங்காலம் நடந்துவந்ததைப் பாருங்கள். குழுத் தலைவர் கேள்வியை முன்வைப்பார். ஆமாம் என்பவர்கள் வாயை மூடியபடி 'ம்ம்ம்' என்பார்கள், கதை கேட்கும் குழந்தை உம் கொட்டுவதைப் போல. பிறகு மறுப்பவர்களின் முறை. கை தூக்கினால் எண்ணிவிடலாம். யார் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். உம் கொட்டும்போது அவ்வளவு எளிதில் தெரியாது. தன் நிறுவன மேலதிகாரி பக்கத்து நாற்காலியில் இருந்தாலும் ஒருவர் மாற்றுக் கருத்துக்கு உம் கொட்டலாம்.

ஆனால் அந்த ஒலியோடு விஷயம் முடிந்துவிடாது. இந்த முறையின் உயிரே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. மறுப்பொலி எழுந்தால், ஏன் மறுக்கிறீர்கள் என்று தலைவர் கேட்க வேண்டும். சொல்லப்படும் காரணத்தைக் குழு எடுத்துப் பேசிப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்ன பிறகும் மறுத்தவர் சமாதானமாகாமல் போகலாம். அப்போது குழு மேலே செல்லலாம். பதிலே சொல்லாமல் மட்டும் செல்லக் கூடாது. அதே அமைப்பைச் சேர்ந்த பீட் ரெஸ்னிக் 2014இல் எழுதிய விளக்கக் குறிப்பு இதை எல்லைவரை கொண்டுபோகிறது: நூறு பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம் என்றாலும், ஐவர் சொன்ன குறைக்கு நூறு பேரிடமும் பதில் இல்லையென்றால் முடிவு ஐவரின் பக்கம் சாயலாம். தலைகளை எண்ணும் எந்த முறையிலும் இதற்கு இடமில்லை. என் மதிப்பில் இதன் பெருமையே இதுதான்.

குறையும் உண்டு. தொண்டை பெரிதானவர் பத்துப் பேருக்குச் சமமாக உம் கொட்ட முடியும். எந்த ஒலி பெரிது என்பதும் தலைவரின் காதைப் பொறுத்தது. அதனால்தான் அறையில் கேட்டதை மின்னஞ்சல் குழுவில் மறுபடி சரிபார்க்கிறார்கள். தலைவரின் முடிவு தவறென்று தோன்றினால் மேல்முறையீடும் செய்யலாம். காலமும் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

ஆனாலும் பெரிய கேள்விகளுக்கும் இது பயன்பட்டிருக்கிறது. 2013 நவம்பரில், அமெரிக்க உளவுத்துறையின் ஒட்டுக்கேட்பைப் பற்றி அதன் முன்னாள் ஊழியர் ஸ்னோடென் வெளியிட்ட செய்திகளால் உலகமே கொதித்திருந்தபோது, வான்கூவரில் ஐ.இ.டி.எஃப். கூட்டத்துக்கு வந்தவர்களிடம் இதே முறையில் கேட்டார்கள்: இப்படி எல்லோரையும் கண்காணிப்பதற்கு எதிராக நாம் ஏதாவது செய்ய வேண்டுமா? ஆமாம் என்ற உம் ஒலி அரங்கு முழுக்க எழுந்தது. அதைத் தொடர்ந்து, பரவலான கண்காணிப்பு இணையத்தின் மீதான தாக்குதலே என்று அறிவிக்கும் ஆவணம் 2014 மே மாதம் வெளியானது. அதன்பின் எழுதப்படும் நெறிமுறைகள் அதைக் கருத்தில் கொண்டே வடிவமைக்கப்பட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.