கோழிக்கு மூலிகை: துணையா, மருந்தா?



பால்வெட்டுத் தொழிலாளியாயினும் கிராணியாயினும், வீட்டுக்குப் பின்னால் மேயும் பத்துக் கோழிகள் நமக்குச் சிறு சொத்தாகும். பிள்ளைக்கு முட்டை, விருந்தாளிக்குக் குழம்பு, அவசரத்துக்கு நாலு வெள்ளி. மூன்றும் அவை தருவன. அச்சொத்தை வளர்க்க மூலிகை எவ்வளவு உதவும், எங்கே உதவாது என்பதே நமது பேச்சு.

கடைத்தீனியில் முக்கியமானவை மக்காச்சோளமும் சோயாவும். இரண்டும் கப்பலில் வருபவை. 2022ஆம் ஆண்டில் அவற்றின் விலை ஏறியபோது கோழி தட்டுப்பாடாகி, ஜூன் முதல் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதிக்கே தடை விதித்தது. அந்தச் சுமை சுங்கை பட்டாணிச் சந்தையிலும் கூலிம் சந்தையிலும் நம் தலையில்தான் விழுந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர், கிருமிக்கொல்லி மருந்தைச் சிறிதளவு தீனியில் கலந்தால் குஞ்சு விரைவில் பெருக்கிறது என்று கண்டனர். உலகமே அவ்வழியில் சென்றது. விளைவு? மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. ஐரோப்பிய நாடுகள் 2006இல் அம்முறையை நிறுத்தின. மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினைத் தீனியில் கலப்பதை மலேசியா 2019இல் தடை செய்தது. அதனால்தான் ஆராய்ச்சியாளர் பார்வை நம் அடுப்படிப் பக்கம் திரும்பியது.

பூண்டு குடலிலுள்ள தீய கிருமிகளை அடக்கும். மஞ்சள் இறைச்சிக் கொழுப்பு சிக்கெடுப்பதைத் தாமதப்படுத்தும். கிலோ தீனிக்கு ஐந்து கிராம் மஞ்சள்தூள் போதும். முருங்கையிலையை நிழலில் உலர்த்திப் பொடித்தால் அதில் கால்பங்கு புரதம். பசுங்கீரை தின்னும் கோழிக்குத் தோலும் மஞ்சள் கருவும் நல்ல நிறம் பெறும். மலாய்க்காரர் ‘ஹெம்பெடு பூமி’ என்னும் நிலவேம்பையும் கலக்கலாம். ஆனால் கசப்பு மிகுந்தால் கோழி தீனியையே ஒதுக்கிவிடும்.

இலவசமாகக் கிடைக்கிறதென்று எதையும் போட்டுவிடக் கூடாது. நம் காலடியில் உதிரும் ரப்பர்க் கொட்டையிலும் பச்சை மரவள்ளியிலையிலும் நஞ்சு உண்டு. பச்சையாகக் கொடுக்கவே கூடாது.

தோழர்களே! மூலிகை தீனிக்குத் துணை. தடுப்பு மருந்துக்கு மாற்றல்ல. வெள்ளைக் கழிச்சல் புகுந்தால் பூண்டும் மஞ்சளும் கூண்டைக் காப்பாற்றா. 1980களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில் அய்னி இட்ரிஸ் முதலிய ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய அறிஞர்களோடு கூடி, கம்பத்துக் கோழிகளுக்குத் தீனி வழியே கொடுக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினர். ஏழை வீட்டுக் கோழிக்காகப் படித்தவர்கள் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நாம் அசட்டையாக இருக்கலாமா?

ஒரு வீடு மருந்து போட்டு அடுத்த வீடு போடாவிட்டால் பயனில்லை. கோழிக்கு வேலி தெரியாது. ஆகவே கால்நடை இலாகாவைக் கேட்டு, லயம் முழுவதும் ஒரே நாளில் போட ஏற்பாடு செய்வோம். தண்ணீர்த் தட்டைத் தினமும் கழுவுவோம். கூண்டின் தரை ஈரமானால் இரத்தக் கழிச்சல் வரும், அதைக் காயவைப்போம்.

பொட்டலத்தில் பெயர் தெரியாத பொடியை அடைத்து, ‘முப்பதே நாளில் கோழி இரட்டிப்பாகும்’ என்று விற்க வருவோரிடம் கடன் சொல்லி வாங்காதீர்கள். சோதித்துப் பார்க்க நமக்கே வழி உண்டு. ஒரே வயதுக் குஞ்சுகள் இருபதை எடுங்கள். பத்துக்கு வெறும் தீனி, பத்துக்கு மூலிகை கலந்த தீனி. வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். தராசு பிடிக்கத் தொழிலாளி, கணக்கெழுதக் கிராணி. இரண்டு மாதத்தில் உண்மை ஏட்டிலே தெரியும். செலவுக்கு மேல் எடை கூடினால் தொடர்வோம், கூடாவிட்டால் விடுவோம்.

பிறர் சொல் கேட்டு ஏமாந்த காலம் போதும். நம் கோழியின் கணக்கை நாமே எழுதுவோம்.